மூன்றாம் வகுப்புக்கு வாசிக்கத் தெரியாது

ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாக முதுகைத் தட்டிவிடப் போகும். மற்றவர்களுக்கு அது பொங்கல் வாடை, கல்யாண வாடை. எனக்கோ பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வரப்போகிற வாடை. மலாயாவில் கிள்ளானுக்கு அந்தப் பக்கம், சடக்கு என்று நாங்கள் சொல்லும் பெரிய ரோட்டை விட்டிறங்கி, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தால் வருகிற தோட்டம் எங்களுடையது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, 'இனுஸ்பெட்டர்' வருவதற்கு முதல் நாள், ஆளை விட்டு அவசர அவசரமாக அடிப்பார்கள். அது காய்வதற்குள் நாங்கள் போய்ச் சாய்ந்து, முதுகெல்லாம் வெள்ளையாக வீடு திரும்பி, அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவு பலகைச் சுவர், ஒரே அறை. அந்த ஒரே அறைக்குள் நான்கு வகுப்பு, நான்கு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். ஒரு பக்கத்தில் கித்தாத் தகடுகளைப் புகை போடும் கொட்டகை. மறு பக்கத்தில், நாலு எட்டு எடுத்து வைத்தால், பால் வெட்டப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் 'ஆயாக்கொட்டகை'. புகைக்கும் அழுகைக்கும் நடுவில்தான் நாங்கள் அ, ஆ படித்தோம்.

எங்கள் வாத்தியார் பெயர் மாசிலாமணி. அவரும் தோட்டத்து ஆள்தான். பால் மரம் வெட்டியவர் மகன்தான். சிறு வயதில் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கப்பலேறி அப்பாவிடம் வந்து தானும் கத்தி பிடித்தவர். லயத்து ஜனங்களுக்குக் கடுதாசி படித்துக் காட்டிக்கொண்டிருந்தவரைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டு, "நீயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு" என்று வாத்தியாராக்கிவிட்டார். பயிற்சி கிடையாது, 'சர்ட்டிபிகேட்' கிடையாது. அது இல்லாத குறை அவருக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது நாங்கள் கண்டதெல்லாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு தாவிக்கொண்டு, ஓயாமல் பேசுகிற ஒல்லியான ஒரு மனிதரைத்தான். அவர் பள்ளிக்கூடத்தில் சத்தத்துக்குக் குறைவே கிடையாது. மரத்துப் பால் வடிகிற மங்குகளைக் கவிழ்த்து வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தால் "உட்காரட்டும், என்ன இப்ப" என்பார். கையில் பிரம்பு எடுத்து ஒருவரும் பார்த்ததில்லை.

நான் பள்ளிக்கூடம் போனதே அவருடைய இந்தத் தாராளத்தால்தான். ஒன்பது வயசுப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் வேலை இருந்தது. என் வேலை என் தம்பி. அவனுக்கு ஆயாக்கொட்டகை ஆகாது. அங்கே விட்டால் என் முகம் தெரிகிற வரைக்கும் கத்துவான், கத்திக் கத்தி மூச்சடைத்துப் போவான். அதனால் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட அம்மா முடிவு செய்தபோது, வாத்தியார் எங்கள் லயத்துக்கே வந்தார். "தம்பியையும் தூக்கிக்கிட்டு வரட்டும் அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். தம்பி என் இடுப்பில் இருப்பான். நான் வாசிக்க எழுந்தால் வாத்தியார் கை நீட்டி அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். கொட்டகையில் விட்டிருந்த நாட்களில் அவன் குரல் கேட்டதும் நான் யாரையும் கேட்காமல் எழுந்து ஓடுவேன், தூக்கிக்கொண்டு வருவேன், விட்ட இடத்திலிருந்து படிப்பேன். அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். எல்லோரிலும் நான்தான் நன்றாக வாசிப்பேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அது உண்மை. அதனால் வாத்தியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாடத்தின் முதல் வரியை நான் வாசிக்க வேண்டும். என் குரலைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே வருவார்கள். இரண்டு வரி போனதும் நான் நிறுத்திக்கொள்ள, அவர்கள் தாங்களாகவே போவார்கள். நாங்கள் அதற்கு 'வண்டி இழுக்கிறது' என்று பெயர் வைத்திருந்தோம். நான் இழுத்துவிட்டால் வண்டி போய்விடும்.

இனி, ஒரு வாத்தியாரை அந்தக் காலத்தில் எப்படி எடை போட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்து உழைப்பை ஒரு காலையில் பார்த்து முடிப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து அதிகாரி காரில் வருவார். முதலில் துரை பங்களா, பிறகு ஆபீஸ், அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடம். வந்ததும் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டுத் தலைகளை எண்ணுவார். நகத்தைப் பார்ப்பார், தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்ப்பார், பெண் பிள்ளைகள் போட்ட தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான்காம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல், இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு, மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பு. அதன் பிறகு பின்னால் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நான் இல்லையென்று நினைத்துப் பாடம் நடத்தும்" என்பார். கடைசியில் 'லாக்கு புக்கு' என்று ஒரு தடித்த புத்தகத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போவார். அந்தப் புத்தகம் ஆபீசில்தான் இருக்கும். இங்கிலீஷில் எழுதியிருப்பதால் வாத்தியாருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி படித்துச் சொன்னால்தான் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வருகிற சர்க்கார் மானியமும், வாத்தியார் வாத்தியாராகவே இருப்பதும் அந்த நாலு வரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

முந்தைய வருஷத்து நாலு வரியை, பால் நிறுக்கிற இடத்தில் பத்துப் பேர் நின்றுகொண்டிருக்கும்போதே கிராணி சொல்லிவிட்டார். பிள்ளைகள் நினைத்தபோது எழுந்து நடக்கிறார்கள், ஒழுங்கு போதாது என்று எழுதியிருந்ததாம். வாத்தியார் சிரித்துக்கொண்டார். ஆனால் துரை சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் பால் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு 'பெரட்டுக்கு' வந்து நில் என்று சொல்லிவிட்டார். பெரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. இதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். அந்த வருஷம் முழுக்க, சத்தம் கொஞ்சம் கூடினால் வாத்தியார் திரும்பித் திரும்பி ஆபீஸ் பக்கம் பார்ப்பார். ஆனால் எங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

மறு வருஷம் அதிகாரி வருகிற சேதி கிடைத்ததும், சின்னக் கிராணி ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் வந்தார். "வாத்தியாரே, கையில ரோத்தான் இல்லாம இஸ்கூல் நடத்துனா எந்த அதிகாரிதான் ஒத்துக்குவான்? சும்மா வச்சுக்கிட்டு நில்லுங்க லா, அது போதும்" என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். வாத்தியார் அதை எடுத்து ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மூலையில் சாத்தி வைத்தார்.

அடுத்த நாட்களில் அவர் எங்களைப் பழக்கியதை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. கோவை இலையும் கரியும் தேய்த்துச் சிலேட்டுகளைக் கறுப்பாக்கினோம். கேட்டால் மட்டும் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் கையைக் கட்ட வேண்டும், யாரும் யார் வகுப்புக்குள்ளும் போகக் கூடாது. என்னிடம் தனியாக வந்து, "அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தம்பிய ஆயாகிட்ட விட்டுடும்மா. நீ முதல் வரியைச் சத்தமா இழுத்துட்டா போதும், நம்ம பிழைச்சோம்" என்றார். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன்.

வந்த அதிகாரி வெள்ளைக்காரர் இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர், வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தங்க விளிம்பு மூக்குக் கண்ணாடி. முகத்தில் கடுகடுப்பு எதுவும் இல்லை. பெயர் கூப்பிட்டார், எல்லோரும் இருந்தோம். நகம் சுத்தம், தண்ணீர் சுத்தம். இரண்டாம் வகுப்பு கணக்கை ஒழுங்காகப் போட்டது. வாத்தியார் பித்தான் போட்ட சட்டையும் கையில் ரோத்தானுமாக, நாங்கள் அறியாத ஒருவராக நின்றுகொண்டிருந்தார். பேசும்போது குரல்கூட வேறாக இருந்தது. மூன்றாம் வகுப்பு எழுந்து நின்றது. நான் புத்தகத்தைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஆயாக்கொட்டகையில் தம்பி வீறிட்டான்.

இன்றுவரை நான் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். கால் தானாக நடந்தது. புத்தகத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, அதிகாரிக்கு முன்னாலேயே வாசலைப் பார்த்து நடந்தேன். அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார், கையிலிருந்த பென்சில் நின்றது. ஒழுங்கு போதாது என்கிற அந்த வரி வாத்தியாரின் கண்ணெதிரே மறுபடியும் வந்து நின்றிருக்க வேண்டும். "எங்க போற" என்று ஒரு கத்தல். அதற்குள் என் கெண்டைக்காலில் சுளீரென்று விழுந்தது. அவர் என்னை அடித்த முதல் அடி, எனக்குத் தெரிந்து யாரையும் அடித்த முதல் அடி. அடிக்கத் தெரியாதவர் என்பதால் அது ஓங்கி விழுந்துவிட்டது.

நான் அழவில்லை. திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். கொட்டகையில் தம்பி கத்திக்கொண்டே இருந்தான். "வாசிம்மா" என்றார் வாத்தியார். வாசிக்கவில்லை. "முதல் வரியைச் சொல்லு" என்றார். சொல்லவில்லை. என் வீம்பு எங்கள் லயத்தில் பேர்போனது. அம்மா அதற்காகவே என்னை நாலு தடவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். நான் இழுக்காததால் வண்டி நின்றுபோனது. மற்ற ஐந்து பேரும் புத்தகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி எழுந்து என் பக்கத்தில் வந்தார். குனிந்து, ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். "பயப்பிட வேண்டாம் பிள்ளை. இந்தப் பக்கத்தை வாசி பாப்பம்." பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அவர் முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "உனக்கு வாசிக்கத் தெரியுமோ, தெரியாதோ?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றேன்.

அவர் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். எனக்கே தெரியாது என்றான பிறகு அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வரும்? ஒருவன் தொடங்கித் தடுமாறி அழுதுவிட்டான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி வாத்தியார் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷத்திலை ஒரு பக்கம்கூட வாசிக்கத் தெரியாதெண்டால், நான் என்னத்தை எழுதிறது, சொல்லும்" என்றார். அந்தப் பெண் பொய் சொல்கிறாள், வீம்பு பிடித்த கழுதை, வாசிப்பில் அவள்தான் முதல் என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதிகாரி இன்னொரு தடவை கேட்டிருப்பார். வாத்தியார் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "என் தப்புங்கய்யா" என்றார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை. என்னை அடித்ததற்காக எல்லார் முன்னாலும் அவர் மன்னிப்புக் கேட்கிறார், ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதிகாரி பென்சிலால் சின்னதாக எதையோ குறித்துக்கொண்டு, ஆபீசுக்குப் போனார். பின்னாலேயே வந்த கிராணி தன் ரோத்தானை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு வரி என்ன என்பது இந்தத் தடவை நிறுக்கிற இடத்தில் சொல்லப்படவில்லை. அப்பாவிடம் கிராணி மெதுவாகச் சொன்னார். மூன்றாம் வகுப்புக்கு வாசிக்கத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி இல்லாதவர், பிள்ளைகளை அடிக்கிறார். முதல் வருஷம் அடிக்காததால் ஒழுங்கு இல்லை, இரண்டாம் வருஷம் அடித்ததால் தகுதி இல்லை. அப்பாவுக்கு என்மேல் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உனக்குத்தான் தெரியுமே, ஏம்மா அப்படிச் சொன்ன" என்று ஒருமுறை கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

சில வாரத்தில் வாத்தியாரும் அவர் மனைவியும் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு லயத்துக் கோடி வீட்டுக்கு வந்தார்கள். பெரட்டில் அவர் பேரையும் கூப்பிட்டார்கள். பத்து வருஷம் கத்தி பிடிக்காத கை. கத்தி ஆழமாகப் பட்டு மரத்துப் பட்டையில் காயம் விழும். அதற்கும் ஒரு அதிகாரி உண்டு. வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் மரம் மரமாகப் பார்த்து, காயத்தை எண்ணி எழுதிக்கொள்வார். மற்றவர்கள் எதிரே வாத்தியாரை அவர் பேசிய பேச்சுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

புது வாத்தியார் வரும்வரை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வருவார் வருவார் என்று மாதங்கள் போயின. பிள்ளைகள் எல்லாம் ஒட்டுப்பால் பொறுக்கப் போனோம். மங்கில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக் கூடையில் போடுகிற வேலை. தம்பி என் இடுப்பில் இருந்தான். ஒருநாள் நாங்கள் போன மர நிரையில் வாத்தியார் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே தாழ்த்தினார்.

"காலு ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு வாயில் வராத முதல் வரியைப்போல இதுவும் வரவில்லை. அவர் பழக்கத்தில் தம்பியை வாங்கக் கை நீட்டினார். கையெல்லாம் பால் பிசுக்கு என்பதைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். "புத்தகத்தை மட்டும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அவருக்கு நிற்க நேரமில்லை.

அந்த மழைக்காலத்தில் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். ரவாங் பக்கம் என்றார்கள் சிலர், இல்லை, செமினியில் ஒரு தோட்டத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள் சிலர். பிறகு ஜப்பான்காரன் சண்டைக் காலம் வந்து, யார் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கே ஆள் இல்லாமல் போயிற்று. புது வாத்தியார் வந்தபோது தம்பியோடு என்னைச் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. என் பள்ளிப் படிப்பு அந்த மூன்றாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் கடையில் சாமான் கட்டித் தந்த பழைய பத்திரிகைத் தாள்களிலிருந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி நானாகப் படித்தது.

கல்யாணமாகி கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தேன். என் மகள் வாத்தியாராகிவிட்டாள், முறையான பயிற்சி, முறையான சர்ட்டிபிகேட். அவளைப் பார்க்கவும் அதிகாரிகள் வருகிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, பாரம் என்கிற அச்சடித்த தாளில் புள்ளி போட்டுக்கொண்டு போகிறார்கள். வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே அவளுக்குச் சோறு இறங்காது. அந்த நாட்களில் நான் அவளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "நாளைக்கு மட்டும் எந்தப் பிள்ளையையும் அதட்டாதே." ஏன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

போன மாதம் மகள் காரில் என்னை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. வரிசை வரிசையாகக் கல்வீடுகள், வீட்டுக்கு வீடு இரும்புக் கேட்டு. பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது என்று என்னால் கைகாட்ட முடியவில்லை. அங்கே குடியிருக்கும் ஒரு பெண், "யாரைத் தேடுறீங்க ஆன்டி?" என்று அன்பாகக் கேட்டாள். ஒருவரையும் இல்லை என்றேன். தோட்டத்தை விற்றபோது ஆபீஸ் தாள்களையெல்லாம் குவித்து எரித்துவிட்டதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். லாக்கு புக்கும் அதில்தான் போயிருக்கும். எரிந்தால் என்ன, அதில் எழுதியிருந்தது எரியவில்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சர்க்கார் கடைசியாக எழுதிவைத்த வார்த்தை அது. அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்த அதிகாரி இப்போது இருக்க வழியில்லை. இருந்தால் அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான், அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா, மாசிலாமணி வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்தார்.